கொடாததை எடாத முதலமைச்சர்

சித்தூர், திருப்பதி ஆகிய இரு நாடாளுமன்றத் தொகுதிகளும் இன்று தனித்தொகுதிகளாக உள்ளன. தேர்தல் நெருங்குங்கால் வெள்ளுடை தரித்தோர் பலர் நம் தெருக்களுக்கு வருகின்றனர். வருவோர் நம்மவரே; நம் பெரியோர் படங்களுக்கு மாலை சூட்டி வணங்குவோரே. இவர்களுள் எவரை நம்புவது என்று சங்கத்து அன்பர்கள் நம்மிடம் கேட்பதுண்டு. இன்னாருக்கு வாக்களியுங்கள் என்று சொல்வது தம்மப் பிரசாரகனின் வேலையன்று. ஆனால் இந்த ஆந்திர நாட்டிலேயே, நம்மைப் போல் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட குடியில் பிறந்து, முதலமைச்சர் நாற்காலி வரை சென்று, சென்ற கையைத் தூய்மையாகவே திரும்பக் கொண்டுவந்த ஒருவரின் சரித்திரத்தை எடுத்துரைப்பது நம் வேலைதான். அவர் பெயர் தாமோதரம் சஞ்சீவய்யா. தெலுங்கு அன்பர்கள் அவரை நன்கறிவர். தமிழராகிய நம்முள் அவர் பெயரைக் கேட்டிருப்போர் பலர். வாழ்க்கையை அறிந்தோர் சிலரே.

கர்நூல் நகரை அடுத்த பெத்தபாடு என்னும் சிற்றூரில் 1921ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் முனய்யா, தாயார் சுங்குலம்மா. மாலர் குலத்து ஏழைக் குடும்பம். குழந்தை தந்தையின் முகத்தை அறியுமுன்னரே தந்தை காலமானார். தாயாரும் தமையனார் சின்னய்யாவும் கூலி வேலை செய்து குடும்பத்தைத் தாங்கினர். கர்நூல், அனந்தப்பூர், கடப்பை, சித்தூர் ஆகியவற்றைச் சேர்த்து ராயலசீமை என்று வழங்குவது நாம் அறிந்ததே. மழை பொய்த்தால் முதலில் பட்டினி கிடப்பவன் நிலமற்ற கூலி என்பதை இச்சீமையில் பிறந்தவர்க்குப் புத்தகம் கொண்டு விளக்க வேண்டியதில்லை. அத்தகைய சீமையில் கூலிக்காரியின் இளைய மகன் மாடு மேய்க்கப் போகாமல் பள்ளிக்கூடம் போனான் என்றால், அதற்கு விலையாக மூத்தவன் தன் படிப்பைக் கொடுத்தான் என்பது பொருள். நம் இல்லங்கள் பலவற்றிலும் நடந்த கதை அது.

கர்நூலில் பள்ளிப் படிப்பை முடித்த பின்னர், அனந்தப்பூர் அரசினர் கல்லூரியில் உதவித்தொகை பெற்றுக் கணிதம் பயின்று 1942இல் பட்டம் பெற்றார். அது யுத்த காலம். கிடைத்த எழுத்தர் வேலைகளை ஏற்று நாள் கடத்தினார். பின்னர் சென்னைச் சட்டக் கல்லூரியிற் சேர்ந்து 1948இல் சட்டப் பட்டமும் பெற்றார். 1950இல் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். அதே ஆண்டில் டில்லியில் கூடியிருந்த தற்காலிக நாடாளுமன்றத்திற்கு உறுப்பினராக அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு முப்பது வயது நிரம்பவில்லை. திருச்சானூரிற் பிறந்து சித்தூரில் வழக்கறிஞர் தொழில் புரிந்த அனந்தசயனம் ஐயங்கார் அந்நாளில் அச்சபையின் துணைத் தலைவர். அண்ணல் அம்பேத்கர் சட்ட அமைச்சர்.

அன்பர்கள் சிலர் இங்கே முகம் சுளிக்கலாம். சஞ்சீவய்யா காங்கிரசுக்காரர். அண்ணல் 1951இல் அமைச்சர் பதவியைத் துறந்து வெளியேறியபோதும் அவர் காங்கிரசிலேயே இருந்தார். 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் லட்சக்கணக்கானோர் அண்ணலுடன் திரிசரணம் ஏற்றபோதும் அவர் நம் பாதைக்கு வரவில்லை. இதை மறைத்து அவரை நம்மவராக்கிக் காட்டுவது பொய்யாகும். பொய்யுரையாமையும் நம் பஞ்சசீலத்துள் ஒன்றன்றோ? ஆனால் அதே ஐந்தனுள், கொடாததை எடாமையும் ஒன்று. அச்சீலத்தைச் சொல்லால் ஏற்றுச் செயலால் விட்டவர் நம்முள்ளும் உளர். சொல்லால் ஏற்காமலே செயலால் காத்தவர் வெளியிலும் உளர். பின்னவரைப் பற்றிப் பேசுவதில் நமக்கு வெட்கமில்லை.

1952 பொதுத்தேர்தலில் சென்னைச் சட்டசபைக்குத் தெரிந்தெடுக்கப்பட்டு, இராஜாஜி அமைச்சரவையில் கூட்டுறவும் வீட்டுவசதியும் அவர் பொறுப்பில் வந்தன. வயது முப்பத்தொன்று. ஆகவே தமிழ் நாட்டார்க்கும் அவர் ஒரு காலத்தில் அமைச்சராக இருந்தவரே. 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிரிந்தது, பிரகாசம் பந்துலு முதலமைச்சரானார், சஞ்சீவய்யாவும் அமைச்சரானார். புதிய மாநிலத்தின் தலைநகர் எது? கர்நூல். அவர் பிறந்த பெத்தபாட்டிற்குக் கூப்பிடு தூரத்து நகரம்!

அன்பர்கள் இதைச் சற்றே நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். கட்டடம் போதாமல் அரசு அலுவலகங்கள் கூடாரங்களில் நடந்த காலம் அது. நிலம் வேண்டும், வீடு வேண்டும், கல்லும் மண்ணும் மரமும் வேண்டும். தன் சொந்த ஊரே தலைநகராகிவிட்ட ஓர் அமைச்சர், அதற்கு முந்தைய ஆண்டுதான் வீட்டுவசதித் துறையை வகித்தவர், என்னென்ன செய்துகொண்டிருக்கலாம் என்பதை நாம் விரிக்க வேண்டியதில்லை. மூன்றாண்டு காலம் கர்நூல் தலைநகராக இருந்தது. பெத்தபாட்டில் அவர் குடும்பத்தின் குடிசை குடிசையாகவே இருந்தது.

1956 நவம்பரில் ஐதராபாத்தைத் தலைநகராகக் கொண்டு ஆந்திரப் பிரதேசம் அமைந்தது. அங்கும் அமைச்சர். 1960 ஜனவரியில் முதலமைச்சராயிருந்த சஞ்சீவ ரெட்டி காங்கிரசுத் தலைவர் பதவிக்குச் சென்றார். நிலமும் பணமும் படைத்த கோஷ்டிகள் ஒருவரையொருவர் ஒப்பாத நிலையில், எல்லாருக்கும் பொதுவானவராகச் சஞ்சீவய்யா முதலமைச்சராக்கப்பட்டார். ஒதுக்கப்பட்ட குலத்தார் ஒருவர் இந்திய மாநிலம் ஒன்றிற்கு முதலமைச்சரானது அதுவே முதன்முறை. முப்பத்தொன்பது வயது முடியாதவர். சில மாதம் உட்கார்ந்திருப்பார், பிறகு எழுப்பிவிடலாம் என்று எண்ணியவர்கள் இல்லாமலிரார்.

அவர் பதவியேற்று மூன்று மாதங்களுக்குள், 1960 ஏப்ரல் 1ஆம் நாள், எல்லை திருத்தப்பட்டது. திருத்தணி சித்தூர் மாவட்டத்தினின்றும் பிரிந்து சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. சத்தியவேடு செங்கற்பட்டு மாவட்டத்தினின்றும் பிரிந்து சித்தூரைச் சேர்ந்தது. கோட்டுக்கு இந்தப்புறம் நின்றுவிட்ட சித்தூர், நகரி, புத்தூர், சத்தியவேடு வட்டாரத் தமிழர்களுக்கு, அந்தப் புதுக் கோட்டின் கீழ் முதல் முதலமைச்சர் அவரே. நம் பாட்டன்மார் அவர் ஆட்சியின் கீழ் வாழ்ந்தவர்கள்.

பதவியில் இருந்தவருக்குப் பகைவர் மிகுந்தனர். முதலமைச்சர் ஊழல் செய்து செல்வம் குவித்துவிட்டார் என்று டில்லிக்குப் புகார் எழுதப்பட்டதாம். மெய்ம்மையை அறிந்து வரும்படி கட்சித் தலைமை ஒருவரை அனுப்பிற்றாம். வந்தவர் ஐதராபாத்தில் விசாரித்துவிட்டு, ஊரையும் பார்ப்போம் என்று பெத்தபாட்டிற்குச் சென்றார். முதலமைச்சரின் வீடு எதுவெனக் கேட்டார். ஊரார் ஒரு குடிசையைக் காட்டினர். அங்கே ஒரு முதிய பெண்மணி மண் அடுப்பில் சுள்ளி வைத்து ஊதிச் சமைத்துக்கொண்டிருந்தார். அவரே சுங்குலம்மா. வந்தவர் வேறொன்றும் கேளாமல் திரும்பினார் என்று அந்நாட்டார் இன்றும் சொல்கின்றனர். சொல்லுவோர் வாயில் சிறிது வளர்ந்திருக்கலாம்; ஆனால் தாயார் குடிசையில் வாழ்ந்த செய்தியைக் கேட்டு வியந்தவர் உண்டேயன்றி மறுத்தவர் இல்லை.

இக்கதையை நாம் திருப்பதியை அடுத்த ஓரிடத்தில் எடுத்துரைத்தபோது, கூட்டத்திலிருந்த ஓர் அம்மையார் ஒரு கேள்வி கேட்டார். மகன் நாட்டை ஆள, பெற்றவள் புகையில் கண் கசிய அடுப்பூதினாள் என்பது மகனுக்குப் பெருமையா? பெற்றோரைப் பேணுதல் இல்லறத்தான் கடமை என்று நீங்களே சென்ற பௌர்ணமியன்று சொல்லவில்லையா? இந்தக் கேள்வி நியாயமானது. தலைவர்களின் எளிமையைப் புகழ்வோர் அத்தலைவர்களின் வீட்டுப் பெண்கள் பட்ட பாட்டைக் கணக்கிற் சேர்ப்பதில்லை. குடிசையே ஒழுக்கத்தின் அடையாளம் என்றால் நம்மவர் அனைவரும் அருகதர்களாகிவிட்டிருக்க வேண்டும். இல்லாமையால் எளியவராயிருப்பதில் சீலம் ஒன்றுமில்லை. சஞ்சீவய்யாவும் துறவியல்லர். அரசு கொடுத்த மாளிகையில் இருந்தார். அரசு கொடுத்த ஊர்தியில் சென்றார். ஆசிரியைத் தொழில் புரிந்த கிருஷ்ணவேணி அம்மையாரை மணந்து இல்லறம் நடத்தினார். சம்பளம் பெற்றார், அதற்கு மேல் எடுக்கவில்லை. அதுவே செய்தி. அவர் தாயாரைப் பற்றிய இன்னொரு செய்தி அந்த அம்மையாரின் கேள்விக்கு ஓரளவு விடையாகும்.

முதலமைச்சர் ஒருமுறை தாயாரைக் காணச் சென்று, செலவுக்கென்று சிறிது பணம் கொடுத்தாராம். தாயார் பெற்றுக்கொண்டு, எனக்குக் கொடுக்க நீ இருக்கிறாய், என்னைப் போன்ற கிழவிகளுக்குக் கொடுக்க யார் இருக்கிறார்கள் என்னும் கருத்துப்படக் கேட்டாராம். ஆதரவற்ற முதியோர்க்கு மாதந்தோறும் அரசு பணம் கொடுக்கும் திட்டம் அக்கேள்வியிலிருந்து பிறந்தது என்பர். கேள்வி நடந்தவிதம் எவ்வாறாயினும், முதியோர் ஓய்வூதியம் ஆந்திரத்தில் அவர் ஆட்சியில் தொடங்கியது மெய். தமிழ் நாட்டில் அது 1962இல் வந்தது. இன்று மாதம் பிறந்ததும் நம் தெருக் கிழவிகள் ஓய்வூதியப் பணம் எதிர்பார்த்துத் திண்ணையில் அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். அதைத் தங்கள் கட்சி கொடுத்ததாகச் சொல்லாத கட்சியே இல்லை. சுங்குலம்மாவின் பெயரைச் சொல்வாரைத்தான் காணோம்.

அவர் செய்த மற்றொன்றும் முதலமைச்சராயிருப்போர் மனமுவந்து செய்யும் காரியமன்று. 1961 ஜனவரி 2ஆம் நாள் லஞ்ச ஒழிப்புத் துறை ஆந்திரத்தில் தனி அமைப்பாக ஏற்படுத்தப்பட்டது. லஞ்சம் கேட்டவனுக்குக் கொடுக்கப்படும் ரூபாய் நோட்டில் ஒருவகைப் பொடியைத் தடவி அனுப்புவதும், அவன் வாங்கிய பின் சலவைச் சோடா கரைத்த நீரில் கை கழுவச் செய்வதும், நீர் இளஞ்சிவப்பாக மாறினால் அதையே சாட்சியாக்குவதும் இத்தகைய துறைகளின் வழக்கம். கண்ணுக்குத் தெரியாத அழுக்கைக் கண்ணுக்குக் காட்டும் தந்திரம் அது. தன் கையையும் அந்த நீரில் நனைக்க அஞ்சாதவனே அப்படி ஒரு துறையைத் தன் ஆட்சியில் ஏற்படுத்துவான். பிற்காலத்தில் அத்துறை எந்த எந்தப் பெரிய மீன்களை விட்டுவிட்டது என்பது வேறு கதை. அதற்கு அவர் பொறுப்பாளியல்லர்.

நிலமற்றோர்க்குத் தரிசு நிலம் வழங்கியதும் அவர் காலத்துப் பெருஞ்செயல். ஆறு லட்சம் ஏக்கர் என்று கணக்குச் சொல்வர். பட்டா பெற்றவர் எத்தனை பேர், நிலத்தில் கால் வைத்தவர் எத்தனை பேர் என்னும் கேள்வி எப்போதும் உண்டு. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவைச் சித்தூர் மாவட்டத்தார்க்கு நாம் அளந்து காட்ட வேண்டியதில்லை.

1962 தேர்தலுக்குப் பின் சஞ்சீவ ரெட்டி மீண்டும் முதலமைச்சரானார். சஞ்சீவய்யா அகில இந்தியக் காங்கிரசுத் தலைவராக்கப்பட்டார். அப்பதவிக்கும் நம்மவருள் அவரே முதல்வர். அவர் தலைவராயிருந்தபோதுதான், 1963இல், காமராசர் தாமே முதலமைச்சர் பதவியை விட்டிறங்கி, ஆட்சியிலிருந்த மூத்தோர் பலரையும் இறங்கச் செய்த திட்டம் நடந்தது. 1964 ஜனவரியில் புவனேசுவரத்தில் காமராசரிடம் தலைமையை ஒப்புவித்துவிட்டு அவர் இறங்கினார். கல்லாத ஏழை ஒருவர், கற்ற ஏழை ஒருவரிடமிருந்து தேசியக் கட்சியின் தலைமையைப் பெற்றுக்கொண்ட அக்காட்சி இந்நாட்டு அரசியலில் மறுமுறை நிகழவில்லை.

1964 ஜூனில் லால் பகதூர் சாஸ்திரி அவரைத் தொழில் அமைச்சராக்கினார். தொழிலாளர் நலமும் வேலைவாய்ப்பும் அவர் துறை. அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். நாம் நூற்பாலையில் நெடுங்காலம் வேலை செய்து பிறகு தம்மப் பணிக்கு வந்தவர்கள் ஆகையால் இந்த இடத்தில் சற்று அதிகமாகப் பேசுவோம்.

போனஸ் என்பது தீபாவளிக்கு முதலாளி கொடுக்கும் வெகுமதி என்று இன்றும் எண்ணுவோர் உளர். முன்னாளில் அப்படித்தான் இருந்தது. கொடுத்தால் கொடுத்ததுதான். பிறகு 1950இல் பம்பாய் ஆலைகளின் வழக்கில் தொழிலாளர் மேல்முறையீட்டு மன்றம் ஒரு கணக்கு முறையை வகுத்தது. மொத்த லாபத்தில் இயந்திரத் தேய்மானம் கழிக்க வேண்டும். வருமான வரி கழிக்க வேண்டும். முதலுக்கு நூற்றுக்கு ஆறு வட்டி கழிக்க வேண்டும். நடைமுறை முதலுக்கு அதற்குக் குறைந்த வட்டி கழிக்க வேண்டும். பழைய இயந்திரத்தை மாற்றப் பணம் ஒதுக்க வேண்டும். இத்தனையும் போக ஏதேனும் எஞ்சினால் அதில் தொழிலாளி பங்கு கேட்கலாம். எஞ்சுமா? கணக்கு எழுதுகிறவர் கையிற் பேனா இருக்கையில் எஞ்சாது. நாள் முழுதும் பஞ்சுத் தூசியை மூக்கில் ஏற்றிக்கொண்டு கதிர் நிரப்பியவன், இவ்வாண்டு நட்டம் என்று எழுதிய ஒரு தாளைப் பார்த்து வீடு திரும்புவான்.

இதை ஆராய 1961இல் ஒரு குழு நியமிக்கப்பட்டு, 1964இல் அறிக்கை வந்தது. அதன்மேல் சஞ்சீவய்யா அமைச்சராயிருந்தபோது, 1965 மே மாதம் அவசரச் சட்டமாகவும் பின்பு நாடாளுமன்றத்தில் முறையான சட்டமாகவும் போனஸ் சட்டம் வந்தது. அதன் உயிர் ஒரே விதியில் இருந்தது. லாபம் வந்தாலும் நட்டம் வந்தாலும், ஆண்டுச் சம்பளத்தில் நூற்றுக்கு 4 அல்லது 40 ரூபாய், இவற்றுள் எது மிகுதியோ அது தொழிலாளிக்கு உரியது. லாபம் மிகுந்த ஆண்டில் நூற்றுக்கு 20 வரை ஏறலாம். இருபது பேர் வேலை செய்யும் இடங்களுக்கெல்லாம் இது பொருந்தும். குழு சொன்னதை அப்படியே ஏற்காமல், முதலாளிமாருக்குச் சாதகமாக அரசு சில இடங்களில் திருத்திவிட்டது என்று தொழிற்சங்கத்தார் அன்றே குறைகூறினர், குறை மெய்யே. முதலாளிமார் உச்ச நீதிமன்றம் சென்றனர். 1966இல் தீர்ப்பு வந்தது. சட்டத்தின் சில பிரிவுகள் செல்லாவென்று நீக்கப்பட்டன. குறைந்தபட்ச போனஸ் என்னும் விதி மட்டும் அசையவில்லை. பின்னாளில் அது 8.33 விழுக்காடாயிற்று; அதாவது ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம். 2019இல் இயற்றப்பட்ட ஊதியச் சட்டத் தொகுப்பு அப்பழைய சட்டத்தைத் தன்னுள் அடக்கிக்கொண்டது, 8.33 என்னும் எண்ணை அதுவும் தொடவில்லை.

நாம் வேலை பார்த்த ஆலையில் ஓராண்டு நிர்வாகத்தார் நட்டக் கணக்குக் காட்டி ஒன்றுமில்லை என்றனர். எங்கள் சங்கச் செயலாளர் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர். அவர் சட்டைப் பையிலிருந்து கசங்கிய சட்டப் பிரதியை எடுத்து மேசைமேல் விரித்து, அந்த ஒரு விதியின்மேல் விரலை வைத்துக்கொண்டு பேசாமல் நின்றார். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னர்ப் பணம் வந்தது. அந்த விதி யார் அமைச்சராயிருந்தபோது வந்தது என்று அன்று எங்களுள் ஒருவருக்கும் தெரியாது. கூலிக்காரியின் மகன் ஒருவன் டில்லியில் அந்நாற்காலியில் இருந்தான் என்பதைப் பல்லாண்டு கழித்து, ஆலையை விட்டு வந்த பிறகே அறிந்தோம்.

தொழிலாளர் சிக்கல்களைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் ஒரு நூலும் எழுதி 1970இல் வெளியிட்டார். கைத்தொழில் அமைச்சராகவும், மீண்டும் தொழிலாளர் அமைச்சராகவும் இருந்தார். அமைச்சர் பதவியை விட்டு 1971இல் இரண்டாம் முறை காங்கிரசுத் தலைவரானார். தேர்தல் நிதி கட்சித் தலைவர் கைவழியாகப் புரளும் பதவி அது. அங்கும் அவர்மேல் ஒட்டியது ஒன்றுமில்லை. அப்பதவியில் இருக்கும்போதே 1972ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் டில்லியில் மாரடைப்பால் காலமானார். வயது ஐம்பத்தொன்று. இருபது ஆண்டுக் காலம் ஏறக்குறைய இடைவிடாமல் அதிகாரத்தில் இருந்தவர், தம் சுற்றத்தார்க்கென்று ஓர் ஆலையையோ மாளிகையையோ தோட்டத்தையோ விட்டுச் சென்றதாக அவருடைய பகைவரும் சொல்லவில்லை.

உடல் ஐதராபாத்திற்குக் கொண்டுவரப்பட்டு, உசேன் சாகர் ஏரியை அடுத்த இடத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அங்குள்ள பூங்கா சஞ்சீவய்யா பூங்கா என்று அவர் பெயராலேயே வழங்குகிறது. 2008இல் அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது. விசாகப்பட்டினத்துச் சட்டப் பல்கலைக்கழகத்திற்கும், நெல்லூரை அடுத்த கிருஷ்ணபட்டினத்து அனல் மின்நிலையத்திற்கும் அவர் பெயர் வைக்கப்பட்டுள்ளது. நம் மாவட்டத்து அன்பர்கள் ஐதராபாத்திற்குப் போகும்போது அப்பூங்காவிற்கும் சென்று வரலாம். 2016இல் அங்கே நாட்டப்பட்ட மிக உயரமான தேசியக் கொடியைக் காணப் பலர் வருகின்றனர். சமாதி எங்கே என்று விசாரித்துத்தான் போக வேண்டும்.